கனடாவில் குடும்ப மருத்துவர் வேலை: ஒரு வட்டாரத்தை எடைபோடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

2025 ஜனவரி. ஒன்டாரியோவில் வாக்கர்டன் என்று ஒரு சின்ன ஊர். டொரான்டோவிலிருந்து காரில் போனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அங்கே புதிதாக வந்த ஒரு குடும்ப மருத்துவர், முதலில் வரும் 500 பேரை நோயாளிகளாகச் சேர்த்துக்கொள்வார் என்று அறிவிப்பு வந்தது. லீஜன் எனப்படும் முன்னாள் படைவீரர் சங்க மண்டபத்தின் வாசலில் பனியில் ஆயிரம் பேருக்கு மேல் வரிசையில் நின்றார்கள். பாதிப்பேர் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

அந்தப் படங்கள் வெளிவந்த பிறகு, இந்தியாவிலும் இலங்கையிலும் எம்பிபிஎஸ் முடித்த தம்பி தங்கைகள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அண்ணா, இவ்வளவு தட்டுப்பாடு இருக்கே, வந்தா உடனே வேலை கிடைச்சிடும்தானே?"

கிடைக்கலாம். ஆனால் வரிசையின் நீளத்தை வைத்து அதைச் சொல்ல முடியாது. ஒரு வட்டாரத்தில் வேலை இருக்கிறதா என்று பார்க்க, தேவை, பணம், வாசல் மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். நோயாளிகள் காத்திருப்பது தேவை. அவர்களைப் பார்ப்பதற்கு மாகாண அரசு எந்த முறையில், எவ்வளவு தருகிறது என்பது பணம். உங்கள் படிப்புக்கும் அனுபவத்துக்கும் அந்த ஊரில் லைசென்ஸ் கிடைக்குமா என்பது வாசல். பலரும் முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு விமானம் ஏறுகிறார்கள். நான் சொல்லப்போகும் வரிசை தலைகீழ்: வாசலில் தொடங்குங்கள்.

படி 1: உங்களுக்குத் திறக்கும் வாசல் எது?

எந்த வழியாக வருகிறீர்களோ, அதுவே பெரும்பாலும் எந்த ஊரில் வேலை செய்வீர்கள் என்பதையும் தீர்மானித்துவிடும்.

முதல் வழி ரெசிடென்சி. குடும்ப மருத்துவத்துக்கு அது இரண்டு ஆண்டுப் பயிற்சி. கார்ம்ஸ் என்ற பொது ஒதுக்கீட்டு முறையில் விண்ணப்பிக்க வேண்டும். வெளிநாட்டில் படித்தவர்களுக்கு எம்சிசி எனப்படும் கனடா மருத்துவக் கவுன்சிலின் முதல் பகுதித் தேர்வும், நாக் எனப்படும் செய்முறைத் தேர்வும் தேவை. பயிற்சியின் முடிவில் கனடா குடும்ப மருத்துவர் கல்லூரி என்ற தொழில்முறை அமைப்பின் சிசிஎஃப்பி சான்றிதழ் கிடைக்கும். குடும்ப மருத்துவ இடங்கள் நிறையக் காலியாகக் கிடப்பதாகச் செய்திகளில் படித்திருப்பீர்கள். 2023இல் முதல் சுற்று முடிந்தபோது நாடு முழுக்க 268 குடும்ப மருத்துவ இடங்கள் நிரம்பவில்லை என்பது உண்மைதான். ஆனால் அவை எல்லாம் உங்களுக்காகக் காத்திருந்த இடங்கள் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் சுற்றில் பெரும்பாலான மாகாணங்கள் வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கென்று தனி ஒதுக்கீடு வைத்திருக்கின்றன. அங்கே போட்டி கடுமை.

ஒன்டாரியோவில் இந்த வழியில் நுழையும் வெளிநாட்டுப் பட்டதாரி, பயிற்சிக்குப் பின் ஐந்து ஆண்டு சேவை செய்வதாக ஒப்பந்தம் போட வேண்டும். நம் ஆட்கள் பலர் கவனிக்காத விஷயம் இங்கேதான் இருக்கிறது. அந்தச் சேவையை ஒட்டாவா நகரிலோ, டொரான்டோவிலோ, டொரான்டோவை ஒட்டிய மிசிசாகா, பிராம்ப்டன், வான், மார்க்கம், பிக்கரிங் நகரங்களிலோ செய்ய முடியாது என்பதுதான் வழக்கமான நிபந்தனை. அதாவது தமிழர்கள் அதிகம் வாழும், டொரான்டோவின் பகுதியான ஸ்கார்பரோவும் மார்க்கமும் அந்தப் பட்டியலுக்குள் வந்துவிடுகின்றன. சித்தி வீட்டு பேஸ்மென்ட்டில் தங்கி, பக்கத்து பிளாசாவில் கிளினிக் வைக்கலாம் என்று கணக்குப் போட்டு வந்தவருக்கு இது பெரிய அடி. ஆனால் விட்பி, ஓஷாவா போன்ற ஊர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. ஸ்கார்பரோவில் குடியிருந்தபடியே காரில் போய்வரும் தூரம்தான். கையெழுத்துப் போடும் ஆண்டில் பட்டியல் எப்படி இருக்கிறது என்று வரிக்கு வரி படியுங்கள்.

இரண்டாவது வழி, ஏற்கனவே தனியாகக் குடும்ப மருத்துவம் பார்த்து அனுபவம் உள்ளவர்களுக்கானது. பிராக்டிஸ் ரெடி அசெஸ்மென்ட் என்று பெயர். ரெசிடென்சி தேவையில்லை, ஒரு மேற்பார்வையாளரின் கண் முன்னால் 12 வாரம் நோயாளிகளைப் பார்த்துக் காட்ட வேண்டும். எம்சிசி முதல் பகுதித் தேர்வும், டிடிஎம் எனப்படும் மருந்துச் சிகிச்சை முடிவுத் தேர்வும் கேட்பார்கள். சில மாகாணங்களில் நாக் தேர்வும் உண்டு. ஒன்டாரியோ 2023இல் இதைத் தொடங்கியது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் பல ஆண்டுகளாக நடக்கிறது. இரண்டு மாகாணங்களிலுமே, தேறியபின் மூன்று ஆண்டுகள், அரசு காட்டும் தேவையுள்ள ஊரில் வேலை செய்ய வேண்டும். ஒன்டாரியோவில் அது பெரும்பாலும் வடக்கு அல்லது கிராமப்புறம்.

இந்த வழியை நம்புகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது ஒன்று: ஊரில் பார்க்கும் வேலையை அவசரப்பட்டு விடாதீர்கள். அண்மைக்கால அனுபவத்தைத்தான் இவர்கள் எண்ணுகிறார்கள். பிஆர் எனப்படும் நிரந்தர வதிவிட அனுமதி கிடைத்தவுடன் குடும்பத்தோடு வந்து, கிடங்கில் இரவு ஷிஃப்ட் பார்த்துக்கொண்டே தேர்வுக்குப் படித்து, தேர்வில் தேறிய நேரத்தில் "கடைசியாக நோயாளியைப் பார்த்து மூன்று வருடம் ஆகிவிட்டதே" என்று கதவு மூடிக்கொண்டதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளில் பார்த்திருக்கிறேன். எம்சிசி முதல் பகுதியை உலகின் பல நகரங்களில் எழுதலாம். நாக் தேர்வுக்குத்தான் கனடா வர வேண்டும். முடிந்தவரை ஊரிலிருந்தே எழுதி முடியுங்கள்.

மூன்றாவது வழி, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்கா ஆகிய நாடுகளில் முறையாகக் குடும்ப மருத்துவப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் பெற்றவர்களுக்கானது. அவர்களுடைய பயிற்சியைக் கனடா குடும்ப மருத்துவர் கல்லூரி அங்கீகரித்து, மறுபடி தேர்வு எழுதாமலே சிசிஎஃப்பி வழங்க இடம் வைத்திருக்கிறது. லண்டனில் ஜிபி ஆக இருக்கும் தமிழ் மருத்துவர் ஒருவருக்கு, சென்னையிலிருந்து வருபவரைவிட ஊரைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் பல மடங்கு அதிகம்.

கியூபெக் தனிக்கதை. பிரெஞ்சு வேண்டும் என்பது ஒன்று. அங்கே ஒவ்வொரு வட்டாரத்துக்கும் இத்தனை குடும்ப மருத்துவர் என்று ஆண்டுதோறும் அரசு இடம் ஒதுக்குகிறது, பிரெம் என்பார்கள். தேவை கண்ணெதிரே இருந்தாலும் அந்த ஒதுக்கீட்டில் இடம் இல்லையென்றால் அங்கே போக வழி கிடைப்பது கடினம்.

படி 2: அரசு சொல்லும் "வாய்ப்பு"ச் சொல்லைச் சரியாகப் படியுங்கள்

கனடா அரசின் ஜாப் பேங்க் தளத்தில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஓர் எண் உண்டு. பொது மருத்துவர், குடும்ப மருத்துவர் இருவருக்கும் 31102. அந்த எண்ணைப் போட்டால், அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு அந்தத் தொழிலின் வாய்ப்பு எப்படி என்று மாகாணவாரியாகவும் வட்டாரவாரியாகவும் காட்டும். மிகக் குறைவு, குறைவு, நடுத்தரம், நல்லது, மிக நல்லது என ஐந்து நிலைகள். தரவு போதவில்லை என்றால் கணிக்கவில்லை என்று போட்டிருக்கும். அதை "வாய்ப்பு இல்லை" என்று படித்துவிடக் கூடாது. ஆள் குறைந்த வட்டாரங்களில் அப்படித்தான் வரும்.

இதில் கவனிக்க வேண்டியது வட்டாரத்தின் அளவு. ஒன்டாரியோவைப் புள்ளிவிவரத் துறை 11 பொருளாதார வட்டாரங்களாகப் பிரித்திருக்கிறது. வடமேற்கு என்பது ஒரே வட்டாரம். தண்டர் பேயும் கெனோராவும் அதற்குள்தான்; இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 500 கிலோமீட்டர். டொரான்டோ வட்டாரம் என்றால் நகரம் மட்டுமல்ல, டர்ஹம், யார்க், பீல், ஹால்டன் எல்லாம் சேர்ந்தது. வாக்கர்டன் இருப்பது ஸ்ட்ராட்ஃபோர்டு-புரூஸ் பெனின்சுலா வட்டாரத்தில். ஒரு வட்டாரத்துக்கு "நல்லது" என்று வந்தால் அது மொத்தத்தின் சராசரிதான்.

இன்னொன்று. கனடாவில் குடும்ப மருத்துவர்களில் பெரும்பாலோர் சம்பளக்காரர்கள் அல்ல. சட்டப்படி சுயதொழில் செய்பவர்கள். மாகாணத்துக்கு பில் அனுப்பி வாங்குபவர்கள். அதனால் மருத்துவர் தேவைப்படும் இடங்களில் பல அந்தத் தளத்தில் விளம்பரமாக வருவதே இல்லை. வேலை விளம்பரங்களை எண்ணித் தேவையைக் கணக்கிட்டால் தப்பாகத்தான் வரும். ஒன்டாரியோவுக்கு எச்எஃப்ஓ ஜாப்ஸ், பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு ஹெல்த் மேட்ச் பிசி போன்ற மருத்துவர்களுக்கான தளங்களைப் பாருங்கள். இந்த இரண்டையும் வாரம் ஒருமுறை, இரண்டு மாதம் தொடர்ந்து பாருங்கள். எந்த ஊரின் விளம்பரம் இறங்கவே மாட்டேன் என்கிறதோ, அதைக் குறித்து வையுங்கள். அங்கே ஏதோ காரணம் இருக்கிறது. அது என்ன என்று படி 5இல் நேரில் கேட்கப் போகிறீர்கள்.

படி 3: தேவையை நீங்களே அளந்து பாருங்கள்

2022இல் எடுத்த அவர்கேர் என்ற நாடளாவிய கருத்தாய்வின்படி, நாட்டில் 65 லட்சத்துக்கும் அதிகமான பெரியவர்களுக்கு வழக்கமாகப் பார்க்கும் குடும்ப மருத்துவரோ, மருந்து எழுதவும் தகுதியுள்ள நர்ஸ் பிராக்டிஷனரோ இல்லை. இது நாட்டுக் கணக்கு. உங்களுக்கு வேண்டியது ஊர்க் கணக்கு.

மருத்துவர் இல்லாதவர்கள் பெயர் பதியும் பட்டியல் பல மாகாணங்களில் உண்டு. ஒன்டாரியோவில் ஹெல்த் கேர் கனெக்ட். நோவா ஸ்கோஷியா தன் பட்டியலை மண்டலவாரியாக வெளியிட்டு வந்திருக்கிறது. ஆனால் பட்டியலில் இருப்பவர் எல்லோரும் இன்னும் தேடுகிறவர் அல்ல. தேடுகிற எல்லோரும் பட்டியலில் பெயர் கொடுத்தவரும் அல்ல. நம் ஊர்ப் பாட்டி ஒருவர் பதிவு செய்யாமலே, யார் வேண்டுமானாலும் நேரே போகும் வாக்-இன் கிளினிக்கில் ஐந்து ஆண்டாகச் சர்க்கரைக்கு மாத்திரை வாங்கிக்கொண்டிருப்பார். அவர் எந்தக் கணக்கிலும் வர மாட்டார்.

அதைவிட நம்பகமான அடையாளம் வயது. ஊரில் எத்தனை குடும்ப மருத்துவர்கள், அவர்களில் எத்தனை பேர் அறுபதைத் தாண்டியவர்கள் என்று பாருங்கள். லைசென்ஸ் தரும் மாகாண மருத்துவ ஒழுங்குமுறை அமைப்பின் பொதுப் பதிவேட்டில் ஒவ்வொருவரும் பட்டம் பெற்ற ஆண்டு இருக்கும். ஒரு சின்ன ஊருக்கு இதை அரை நாளில் கையால் எண்ணிவிடலாம். ஆறு பேரில் நான்கு பேர் 1985க்கு முன் பட்டம் பெற்றவர்கள் என்றால், அந்த ஊரின் நிலைமை உங்களுக்குப் புரிந்துவிடும். ஒருவர் ஓய்வு பெற்றால் என்ன ஆகும் என்பதற்கு சூ செயின்ட் மேரி நகரம் உதாரணம். 2024 மே இறுதியில், மருத்துவர்கள் ஓய்வு பெற்றதாலும் விலகியதாலும் அங்கே ஒரே மையத்தில் சுமார் 10,000 நோயாளிகள் ஒரே நேரத்தில் மருத்துவர் இல்லாமல் ஆனார்கள்.

எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். ஒன்டாரியோவில் 2023 ஜனவரியிலிருந்து மருந்தாளுநர்களே சில சிறு நோய்களுக்கு மருந்து எழுதுகிறார்கள். நர்ஸ் பிராக்டிஷனர் கிளினிக்குகள் பெருகுகின்றன. 2025இல் பிராம்ப்டனில் புதிய மருத்துவக் கல்லூரி திறந்தது. இவையெல்லாம் உங்கள் வேலையைப் பறிக்கும் என்று நான் நினைக்கவில்லை. தொண்டை வலி அந்தப் பக்கம் போகும். சர்க்கரையும் சிறுநீரகமும் மனச்சோர்வும் ஒன்றாகச் சேர்ந்த எழுபது வயதுக்காரர் உங்களிடம்தான் வருவார். அதற்குப் பத்து நிமிடம் போதாது. இதனால்தான் அடுத்த படி முக்கியமாகிறது.

படி 4: பணம் எந்த வழியாக வருகிறது?

இந்தப் படிக்கு அதிக நேரம் கொடுங்கள். ஒரே ஊரில், ஒரே அளவு உழைக்கும் இரண்டு மருத்துவர்களின் வருமானம், எந்த முறையில் பணம் வருகிறது என்பதைப் பொறுத்து வெகுவாக மாறும்.

பழைய முறை, பார்க்கும் நோயாளிக்கு இவ்வளவு என்பது. வேகமாகப் பார்ப்பவருக்கு லாபம். பொறுமையாகப் பார்ப்பவருக்கு நஷ்டம். ஒன்டாரியோவில் குடும்ப மருத்துவர்களில் கணிசமானோர் எஃப்எச்ஓ என்ற குழுமுறையில் இருக்கிறார்கள். அதில் உங்கள் பெயரில் பதிந்த ஒவ்வொரு நோயாளிக்கும் வயது, பாலினம் பார்த்து ஆண்டுத் தொகை வரும். அவர் வந்தாலும் வராவிட்டாலும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் 2015இல் அரசு இந்த முறையில் புதிதாகச் சேருபவர்களின் எண்ணிக்கையை மாதத்துக்கு இருபதாகச் சுருக்கி, அதையும் தேவை அதிகமுள்ள ஊர்களுக்கு மட்டும் என்று வைத்தது, பிறகுதான் தளர்த்தினார்கள். நோயாளிகள் வரிசையில் நின்றார்கள், மருத்துவர் தயாராக இருந்தார், இடம் மட்டும் இல்லை. தேவையும் பணமும் வேறு வேறு என்று நான் சொன்னது இதைத்தான்.

அந்த முறையில் நீண்ட காலம் இருந்த இன்னொரு விதியும் ஊரைப் பொறுத்தது: உங்கள் நோயாளி வெளியே வாக்-இன் கிளினிக்குக்குப் போனால் உங்கள் ஊக்கத்தொகை குறையும். நாற்சந்திக்கு நாற்சந்தி வாக்-இன் இருக்கும் ஸ்கார்பரோவில் இது கடிக்கும். அடுத்த கிளினிக் நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊரில் பெரிதாகத் தெரியாது. விதிகள் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். சேரப்போகும் குழுவிடம் "இப்போது இது எப்படிக் கணக்கிடப்படுகிறது?" என்று கேளுங்கள்.

பிரிட்டிஷ் கொலம்பியா 2023 பிப்ரவரியில் எல்எஃப்பி என்ற புதிய முறையைக் கொண்டுவந்தது. செலவிட்ட நேரம், பார்த்த நோயாளிகள், பதிந்தவர்களின் நோய்ச் சிக்கல் மூன்றுக்கும் பணம். முழுநேர மருத்துவருக்கு மொத்த வருவாய் 2,50,000 டாலர் அளவிலிருந்து 3,85,000 டாலர் அளவுக்கு உயரும் என்று அரசு அறிவித்தது. சோதனை முடிவுகளைப் படிப்பதற்கும் பரிந்துரைக் கடிதம் எழுதுவதற்கும் செலவாகும் நேரத்துக்கும் காசு என்பதுதான் இதன் சிறப்பு. ஒன்டாரியோ குடும்ப மருத்துவர் கல்லூரி 2023இல் சொன்ன கணக்குப்படி, ஒரு குடும்ப மருத்துவருக்கு வாரம் 19 மணி நேரம் காகித வேலையிலேயே போகிறது.

இனி கழித்தல் கணக்கு. 3,85,000 என்பது சம்பளம் அல்ல. வாடகை, வரவேற்பாளர், கணினி மென்பொருள் எல்லாம் சேர்ந்த ஓவர்ஹெட் 30 சதவீதம் என்று வையுங்கள், 1,15,500 போய்விடும். மிச்சம் 2,69,500. அதிலிருந்து வருமான வரி, மருத்துவர் மேல் வழக்கு வந்தால் துணை நிற்கும் சிஎம்பிஏ அமைப்பின் கட்டணம், லைசென்ஸ் தரும் அமைப்பின் கட்டணம். சுயதொழில் என்பதால் ஓய்வூதியமும் கிடையாது, சம்பளத்தோடு லீவும் கிடையாது. ஊருக்குப் போய் மூன்று வாரம் அம்மாவோடு இருந்தால் அந்த மூன்று வாரமும் வாடகை ஓடிக்கொண்டிருக்கும். சமூக சுகாதார மையங்களில் சம்பள வேலை உண்டு. தொகை குறைவு, நிம்மதி அதிகம். கைக்குழந்தையோடு வருகிறவர்கள் அதை ஏளனமாக நினைக்க வேண்டாம்.

வடக்குக்கும் கிராமத்துக்கும் தனி ஊக்கத்தொகை உண்டு. ஒன்டாரியோவில் ஆர்ஐஓ எனப்படும் கிராமத்தன்மைக் குறியீடு 40 அல்லது அதற்கு மேல் உள்ள ஊர்களும், டிம்மின்ஸ், நார்த் பே, சட்பரி, சூ செயின்ட் மேரி, தண்டர் பே என்ற ஐந்து வட நகரங்களும் அதற்குத் தகுதி பெறுகின்றன. ஊர்ப் பெயரைப் போட்டால் குறியீடு கிடைக்கும். ஆனால் ஏற்கனவே கட்டாய சேவை ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு எந்த ஊக்கத்தொகை பொருந்தும், எது பொருந்தாது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 5: நேரில் போய் ஒரு திங்கட்கிழமை உட்காருங்கள்

மூன்று ஊர்களைத் தேர்ந்தெடுங்கள். லைசென்ஸ் இருந்தால் லோக்கமாக, அதாவது விடுப்பில் போகும் மருத்துவருக்குப் பதிலாக, இரண்டு வாரம் வேலை பாருங்கள். ஒன்டாரியோவில் கிராமப்புற லோக்கத்துக்கென்றே அரசுத் திட்டம் இருக்கிறது. இல்லையென்றால் ஒரு நாள் பார்வையாளராக உட்கார அனுமதி கேளுங்கள். திங்கட்கிழமையாக இருக்கட்டும்.

நான் அப்படி உட்கார்ந்த முதல் கிளினிக்கை மறக்க முடியாது. காலை எட்டு மணிக்கு ஃபேக்ஸ் இயந்திரத்தின் தட்டில் வார இறுதியில் வந்த தாள்கள் வழிந்து தரையில் கிடந்தன. டாக்டரின் கணினி இன்பாக்ஸில் படிக்காத முடிவுகள் நூற்று நாற்பது. முதல் நோயாளி வருவதற்குள் அவர் இருபதை முடித்தார். மதியம் பார்த்தபோது எண்ணிக்கை நூற்று அறுபதாக ஆகியிருந்தது. சாண்ட்விச்சை ஒரு கையில் பிடித்தபடி, ஒரு எம்ஆர்ஐக்கான படிவத்தை மூன்றாவது முறையாக அனுப்பினார். மருத்துவமனை இரண்டு தடவை "வரவில்லை" என்று சொல்லியிருந்தது. எந்த விளம்பரத்திலும் இது இருக்காது. "இன்பாக்ஸை யார் முதலில் பிரிக்கிறார்கள், நர்ஸ் இருக்கிறாரா, ஃபேக்ஸ் நேரே கணினிக்குப் போகிறதா?" இந்தக் கேள்விகளுக்கு வரும் பதில், சம்பளத் தொகையைவிட உங்கள் ஐந்து ஆண்டு வாழ்க்கையைப் பற்றி அதிகம் சொல்லும்.

ஓய்வு பெறும் மருத்துவரின் இடத்தை எடுக்கிறீர்கள் என்றால், எத்தனை நோயாளிகள் என்பதோடு அவர்களின் சராசரி வயதையும் கேளுங்கள். நீண்ட நாளாக ஓபியாய்டு வலி மாத்திரை எடுப்பவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். பழைய காகித ஃபைல்கள் இன்னும் இருக்கின்றனவா, கட்டட வாடகை ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்றும் கேளுங்கள். சின்ன ஊரில் குடும்ப மருத்துவர் என்றால் எமர்ஜென்சி ஷிஃப்ட், வார்டு, முதியோர் இல்லம் எல்லாம் சேர்ந்தே வரும். சிலருக்கு அதுதான் உயிர். சென்னையில் அரசு மருத்துவமனை கேஷுவால்டியில் உழைத்தவர்கள் அதில் பிரகாசிப்பதைப் பார்த்திருக்கிறேன். இரவில் தனியாகப் பிரசவம் பார்க்கத் தயங்குகிறவர் அதை முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

துணைவரையும் அழைத்துப் போங்கள், அதுவும் பிப்ரவரியில். அவருக்கு வேலை, குழந்தைக்குப் பள்ளி, கோயிலோ தேவாலயமோ மசூதியோ எவ்வளவு தூரம், சாம்பார்ப் பருப்பு எங்கே கிடைக்கும் என்பதெல்லாம் சின்ன விஷயம் இல்லை. ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு திரும்பிய குடும்பங்களில் எனக்குத் தெரிந்தவரை மருத்துவருக்கு வேலை பிடிக்காமல் போனது குறைவு. வீட்டில் இருந்தவருக்குத் தனிமை தாங்கவில்லை என்பதே அதிகம்.

படி 6: கையெழுத்துக்கு முன்

கனடாவில் மருத்துவர் ஒப்பந்தம் பார்க்கும் வக்கீலிடம் காட்டுங்கள். சில நூறு டாலர் செலவுக்குத் தயங்காதீர்கள். ஓவர்ஹெட் சதவீதமா, நிலையான தொகையா. விலகினால் எத்தனை மாத முன்னறிவிப்பு. நோயாளிகளின் ஆவணம் யார் பொறுப்பு. கட்டாய சேவையை முடிக்காவிட்டால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும். இந்த நான்குக்கும் தெளிவான பதில் தாளில் இருக்க வேண்டும்.

குடியேற்றம் தனியாக ஓடும். சுயதொழில் அனுபவத்தை எண்ணாததால் குடும்ப மருத்துவர்கள் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற மத்திய அரசின் குடியேற்ற முறையில் திணறிய காலம் உண்டு. 2023இல் மருத்துவர்களுக்கு அந்தத் தடை நீங்கியது. கிழக்குக் கரையில் உள்ள அட்லான்டிக் மாகாணங்கள் நான்கும் அதே ஆண்டு பொதுப் பதிவேடு ஒன்றைத் தொடங்கின. ஒன்றில் லைசென்ஸ் இருந்தால் மற்ற மூன்றிலும் வேலை பார்ப்பது சுலபம். ஒரு மாகாணத்துக்குள் நுழைந்து சேவையை முடித்தவருக்கு அடுத்த மாகாணம் அவ்வளவு தூரம் இல்லை. மார்க்கம் நகரில் கிளினிக் வைக்கும் ஆசையை விட வேண்டியதில்லை. ஐந்து ஆண்டு தள்ளி வைத்தால் போதும். நம் பெரியவர்கள் தமிழில் வலியைச் சொல்ல ஒரு டாக்டரை அப்போதும் தேடிக்கொண்டுதான் இருப்பார்கள்.

பல சின்ன ஊர்கள் மருத்துவர்களை அழைத்து வருவதற்கென்றே ஓர் ஊழியரை வைத்திருக்கின்றன. ஊர்ப் பெயரோடு "மருத்துவர் ஆள்சேர்ப்பு" என்று தேடினால் தொலைபேசி எண் கிடைக்கும். கூப்பிட்டு, எல்லாவற்றுக்கும் முன்னால் இதைக் கேளுங்கள்: "கடந்த ஐந்து ஆண்டுகளில் இங்கே வந்த மருத்துவர்கள் எத்தனை பேர், அவர்களில் இன்னும் இருப்பவர்கள் எத்தனை பேர்?" பதில் உடனே வந்தால் குறித்துக்கொள்ளுங்கள். தயக்கம் வந்தால், போனவர்களில் ஒருவரோடு பேச முடியுமா என்று கேளுங்கள்.